பின்கதவு வைக்காதே என்றவர்: டேட்டாபேஸுக்குக் காவல் போட்ட எட்கர் காட்

புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் பக்கத்தில் ஒருவர் நிலம் வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் போனை எடுக்கிறார். அரசின் இணைய சேவையில் மாவட்டம் புதுக்கோட்டை, வட்டம் இலுப்பூர், பிறகு கிராமம், புல எண் என்று தேர்வு செய்கிறார். கொஞ்ச நேரத்தில் பட்டா விவரம் திரையில் வந்துவிடுகிறது. அதை நம்பித்தான் பல லட்சம் ரூபாய் கைமாறுகிறது.

அந்த விவரத்துக்குக் காவல் யார்? இல்லாத புல எண்ணுக்கு ஒருவர் பெயரில் பட்டா பதிவாகிவிடாமல் தடுப்பது எது? கணினியைக் கரைத்துக் குடித்த ஒரு நிபுணர், அவசரத்தில் விதிகளைத் தாண்டி உள்ளே ஒரு திருத்தம் போட்டால் என்ன ஆகும்? அவருக்கு அந்த உரிமை இருக்க வேண்டுமா, கூடாதா?

டேட்டாபேஸ் உலகில் இந்தக் கேள்விக்கு முதலில் அழுத்தமாகப் பதில் சொன்னவர் எட்கர் ஃபிராங்க் காட். நண்பர்களுக்கு டெட் காட். வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், சம்பளப் பட்டியல் என்று நாம் தினமும் தொடும் பெரும்பாலான மென்பொருள்களுக்கு அடியில் இருப்பது அவருடைய யோசனைதான்.

யார் இந்த காட்?

1923 ஆகஸ்ட் 19 அன்று, இங்கிலாந்தின் தெற்குக் கரையில் உள்ள போர்ட்லேண்ட் தீவில் பிறந்தவர். ஏழு குழந்தைகளில் கடைக்குட்டி. அப்பா தோல் பொருள் உற்பத்தியாளர், அம்மா பள்ளி ஆசிரியை. ஆக்ஸ்ஃபோர்டின் எக்ஸிடர் கல்லூரியில் உதவித்தொகையோடு வேதியியல் படிக்கப் போனார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். படிப்பைக் காரணம் காட்டிப் போருக்குப் போவதைத் தள்ளிப்போட்டிருக்கலாம். ஆனால், 1942-ல் தானாக முன்வந்து பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து, கடலோரக் காவல் பிரிவில் 'சண்டர்லேண்ட்' விமானங்களை ஓட்டினார். போர் முடிந்து திரும்பியதும் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்து முடித்தார்.

1948-ல் அமெரிக்கா போனார். நியூயார்க்கின் 'மேசிஸ்' கடையில் ஆண்கள் உடைப் பிரிவில் கொஞ்ச நாள் விற்பனையாளர். அப்புறம் டென்னசி பல்கலைக்கழகத்தில் சில மாதம் கணித ஆசிரியர். 1949-ல் ஐபிஎம் நிறுவனத்தில் புரோகிராமராகச் சேர்ந்தார்.

ஒத்துக்கொள்ள முடியாததற்குத் தலையாட்டும் ஆள் இல்லை அவர். அமெரிக்க செனட்டர் மெக்கார்த்தி, கம்யூனிஸ்ட் வேட்டை என்ற பெயரில் ஆட்டம் போட்ட காலத்தில், அதை எதிர்த்து 1953-ல் நாட்டை விட்டே கிளம்பி கனடாவின் ஒட்டாவாவுக்குப் போய்விட்டார். நான்கு ஆண்டு கழித்துத்தான் ஐபிஎம்முக்குத் திரும்பினார். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 1960-களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்துக்கு மாறியபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய பெரிய வேலை தொடங்கியது அங்கேதான்.

அ-பதிவேடும் சிட்டாவும்: பிரச்சினை என்ன?

அன்றைய டேட்டாபேஸ்களின் சிக்கலைப் புரிந்துகொள்ள, நம் ஊர் நிலக் கணக்கே போதும்.

கிராமத்தில் 'அ' பதிவேடு என்று ஒன்று உண்டு. அது புல எண் வரிசையில் இருக்கும். இந்தப் புலம் யாருடையது என்று கேட்டால் உடனே சொல்லிவிடலாம். சிட்டா வேறு மாதிரி. அது பட்டாதாரர் வாரியாக இருக்கும். இவருக்கு எந்தெந்தப் புலங்கள் இருக்கின்றன என்று கேட்டால் அதில் பார்க்க வேண்டும். தகவல் ஒன்றுதான், தேடும் வழிதான் வேறு. அதனால் இரண்டு புத்தகம். ஒன்றில் திருத்தி இன்னொன்றில் திருத்த மறந்தால் போச்சு. எது உண்மை என்று கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

இந்தப் புத்தகங்களுக்குள் வழி தெரிந்தவர் அந்தக் காலத்தில் கர்ணம். எந்தப் பக்கத்தில் எந்த அடித்தல், எந்த உட்பிரிவு எப்போது பிரிந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவருடைய திறமை ஊருக்கு உதவியது. அதே திறமை அவர் கையில் அதிகாரமாகவும் இருந்தது. பரம்பரையாக வந்த அந்தப் பதவியைத் தமிழ்நாடு அரசு 1980-ல் ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர் முறையைக் கொண்டுவந்தது.

1960-களின் டேட்டாபேஸ்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தன. ஐபிஎம்மின் ஐஎம்எஸ், அப்போலோ நிலவுப் பயணத் திட்டத்துக்காக உருவானது. தகவலை மரக்கிளை போல மேலிருந்து கீழாக அடுக்கி வைக்கும். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் சார்லஸ் பாக்மன் உருவாக்கிய ஐடிஎஸ், ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்கு வலைபோலத் தொடர்பு வைத்திருக்கும். எதுவானாலும், தகவல் உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்த புரோகிராமர்தான் அதை வெளியே எடுக்க முடியும். அடுக்கும் முறையை மாற்றினால் ஏற்கெனவே எழுதிய நிரல்கள் உடைந்துபோகும்.

அதாவது, ஒவ்வொரு நிறுவனத்திலும் கணினிக்கு ஒரு கர்ணம் தேவைப்பட்டார்.

1970: அட்டவணை போதும்

1970 ஜூனில், அமெரிக்கக் கணினியாளர் சங்கமான ஏசிஎம்மின் இதழில் காட் ஒரு கட்டுரை எழுதினார். யோசனை கேட்க எளிமையானது. எல்லாத் தகவலையும் அட்டவணைகளாக வைத்தால் போதும். எது வேண்டும் என்று மட்டும் பயனாளர் கேட்கட்டும். அதை எந்த வழியில் தேடி எடுப்பது என்பது மென்பொருளின் கவலை.

நிலக் கணக்கில் இதைப் பொருத்திப் பாருங்கள். புலங்கள் ஒரு அட்டவணை, பட்டாதாரர்கள் ஒரு அட்டவணை, யாருக்கு எது என்பது ஒரு அட்டவணை. புல எண்படி கேட்டால் 'அ' பதிவேடு வரும். பெயர்படி கேட்டால் சிட்டா வரும். மூலம் ஒன்றே என்பதால் இரண்டும் முரண்படாது. இதற்குக் கணித அடித்தளமாக அவர் எடுத்துக்கொண்டது கணங்களின் கோட்பாடும் தர்க்கமும்.

கட்டுரை வந்ததும் ஐபிஎம் துள்ளிக் குதித்ததா? இல்லை. ஐஎம்எஸ் அப்போது நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. சொந்தக் கடையிலேயே போட்டிச் சரக்கை ஏன் வைக்க வேண்டும் என்ற தயக்கம் நிறுவனத்துக்கு. காட் விடவில்லை. எழுதினார், பேசினார், ஐபிஎம்மின் வாடிக்கையாளர்கள் காதிலும் போட்டார்.

1974: நிபுணர் பெரியவரா, முறை பெரியதா?

1974 மே மாதம் மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில் காட்டும் பாக்மனும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். பாக்மன் சாதாரண ஆள் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் கணினித் துறையின் உச்ச விருதான டூரிங் விருதை வாங்கியவர். அந்த விருது உரையில் அவர் புரோகிராமரை ஒரு மாலுமியோடு ஒப்பிட்டிருந்தார். தகவல் கடலில் வழி கண்டுபிடித்துக் கப்பலைச் செலுத்தும் திறமைசாலி அவர்.

பாக்மன் தரப்பின் வாதத்தில் நியாயம் இருந்தது. வேகம் வேண்டும் என்றால் வழி தெரிந்த நிபுணர்தான் வேண்டும். அவர் கையைக் கட்டிவிட்டு எல்லாவற்றையும் மென்பொருளிடம் விட்டால், அது முட்டுச்சந்தில் போய் நிற்கும். அன்றைய கணினிகளின் நினைவகமும் வேகமும் ரொம்பவே குறைவு என்பதை மறக்கக் கூடாது.

காட் தரப்பு வாதம் வேறு. தகவல் பெருகும், அதைப் பயன்படுத்துபவர்களும் பெருகுவார்கள். எல்லோரும் மாலுமி ஆக முடியாது. ஒவ்வொரு நிரலும் தன் வழியில் போய்த் தகவலைத் தொட்டால், தவறு எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

விவாதத்துக்கு விடை சொன்னது பேச்சு அல்ல, வேலை செய்து காட்டிய மென்பொருள். ஐபிஎம்மின் 'சிஸ்டம் ஆர்' திட்டத்தில் டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் உருவாக்கிய கேள்வி மொழிதான் இன்றைய எஸ்க்யூஎல். பக்கம் பக்கமாக எழுத வேண்டிய நிரலை அதில் சில வரிகளில் கேட்டுவிடலாம். அதே திட்டத்தில் பேட்ரிசியா செலிங்கர் குழுவினர் 1979-ல் வெளியிட்ட ஆய்வு, எந்த வழியில் தேடினால் செலவு குறைவு என்று மென்பொருளே கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்க முடியும் என்று காட்டியது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் 'இங்கிரஸ்' என்ற இன்னொரு மென்பொருளைக் கட்டினார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எஸ்க்யூஎல்லை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஐபிஎம் இல்லை. பின்னாளில் ஆரக்கிள் ஆன ஒரு சின்ன நிறுவனம் 1979-ல் முந்திக்கொண்டது. ஐபிஎம்மின் தயாரிப்பு 1981-ல்தான் வந்தது. அதே 1981-ல் காட்டுக்கு டூரிங் விருது கிடைத்தது.

12 விதிகள்: போலிகளுக்கு எதிராக ஒரு உரைகல்

1980-களில் காட்டின் பெயருக்குச் சந்தையில் மவுசு வந்துவிட்டது. பழைய மென்பொருளின் மேல் அட்டவணை மாதிரி ஒரு முகப்பை ஒட்டி, இதுவும் அந்த வகைதான் என்று விற்க ஆரம்பித்தார்கள். 1985 அக்டோபரில் 'கம்ப்யூட்டர்வேர்ல்ட்' இதழில் இரண்டு கட்டுரைகள் எழுதி, அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் காண 12 விதிகளை காட் முன்வைத்தார். அடிப்படை விதிக்குப் பூஜ்யம் என்று எண் கொடுத்ததால், எண்ணிப் பார்த்தால் 13 இருக்கும்.

பாதுகாப்பா, சுதந்திரமா என்ற நம் கேள்விக்கு அதில் மூன்று விதிகள் முக்கியம்.

8-வது விதி: தகவலை வட்டில் எப்படி அடுக்குவது, எந்தக் குறியீட்டுப் பட்டியல் போடுவது என்பதையெல்லாம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பயனாளரின் நிரல்கள் அதனால் உடையக் கூடாது.

10-வது விதி: சரித்தன்மைக்கான கட்டுப்பாடுகள் டேட்டாபேஸுக்குள்ளேயே பதிவாகியிருக்க வேண்டும். நிரல்களுக்குள் சிதறிக் கிடக்கக் கூடாது. இல்லாத புலத்துக்குப் பட்டா கிடையாது என்ற விதி வேண்டுமா? அதை ஒரே இடத்தில் எழுது. இணையப் பக்கம், அலுவலகக் கணினி, மொபைல் செயலி என்று எந்த வழியாக வந்தாலும் அதே காவலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

12-வது விதி: பின்கதவு கூடாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பதிவைத் தொடும் கீழ்மட்ட மொழி மென்பொருளில் இருந்தால் இருக்கட்டும். ஆனால், மேல்மட்டத்தில் எழுதிய கட்டுப்பாடுகளை ஏமாற்ற அது பயன்படக் கூடாது.

கடைசி விதி குறிவைத்தது நிபுணர்களைத்தான். சாதாரணப் பயனாளருக்குக் கீழ்மட்ட மொழி தெரியாது. பின்கதவு வழியாக வர முடிந்தவர் விஷயம் தெரிந்தவர் மட்டுமே. பூட்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், சாவி இல்லாமல் திறக்கத் தெரிந்த ஒருவருக்கு வழி விட்டால் அது பூட்டே இல்லை என்பதுதான் இந்த விதியின் சாரம்.

அப்படின்னா நிபுணருக்கு என்ன மிச்சம்?

நிபுணரை காட் வீட்டுக்கு அனுப்பினார் என்று நினைத்தால் தப்பு. 8-வது விதியையும் 12-வது விதியையும் சேர்த்துப் படித்தால் அவர் போட்ட எல்லைக்கோடு தெரியும். தகவலை எப்படி வைப்பது, எப்படி வேகமாக எடுப்பது என்பதில் நிபுணருக்கு முழுச் சுதந்திரம். தகவல் என்ன சொல்கிறது, எது உண்மையாக இருக்க முடியும் என்பதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை.

பட்டறிவு உள்ள டிபிஏ ஒருவர் குறியீட்டுப் பட்டியலை மாற்றிப் பத்து நிமிடத் தேடலைப் பத்து நொடியாக்கலாம். அதில் தவறு நடந்தாலும் மெதுவாகும், அவ்வளவுதான். ஆனால், கட்டுப்பாட்டைக் கழற்றிவிட்டு ஒரு தப்பான வரிசையை உள்ளே விட்டால், அது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். நஷ்டம் அந்த டிபிஏவுக்கு இல்லை, அவரைப் பார்த்தே இராத யாரோ ஒருவருக்கு.

இந்தக் கோடு நடைமுறையில் எப்போதும் இவ்வளவு சுத்தமாக இருக்காது என்பதும் உண்மை. உட்பிரிவு 12/1, 12/2 இரண்டின் எண்களை இடம் மாற்ற வேண்டும் என்று வையுங்கள். முதல் எண்ணை மாற்றிய அந்தக் கணத்தில் இரண்டு வரிசைக்கும் ஒரே எண். ஒரே எண் இருமுறை வரக் கூடாது என்ற கட்டுப்பாடு உடனே தடுத்துவிடும். இறுதியில் சரியாகிவிடும் வேலைக்கு நடுவழியில் தடை!

காவலைக் கழற்றச் சொல்லவில்லை எஸ்க்யூஎல் தரம். சோதனையைத் தள்ளிவை என்றது. வேலை முழுவதும் முடிந்து பதிவாகும் நேரத்தில் கட்டுப்பாட்டைச் சோதிக்கலாம். நடுவில் கொஞ்சம் மூச்சுவிட இடம். கடைசியில் கணக்கு சரியாக இருந்தே ஆக வேண்டும். போஸ்ட்கிரஸ் போன்ற மென்பொருள்களில் இந்த வசதி இருக்கிறது. நிபுணருக்கு வளைந்துகொடுக்கும் காவலுக்கு இது நல்ல உதாரணம்.

காட் சறுக்கிய இடம்

தன் கொள்கை வென்றதைக் கண்ணால் பார்த்தவர் காட். ஆனால், வென்ற வடிவம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரே வரிசை ஒரு அட்டவணையில் இரண்டு தடவை வர எஸ்க்யூஎல் அனுமதிக்கிறது. அவருடைய கணித அடித்தளத்தில் அதற்கு இடமே இல்லை. இதைக் கடுமையாக விமர்சித்தார்.

விடுபட்ட தகவலை எப்படிக் காட்டுவது என்பதிலும் சண்டை. ஒருவருடைய போன் எண் நமக்குத் தெரியவில்லை என்பது ஒன்று. அவருக்குப் போனே இல்லை என்பது வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் குறி வேண்டும் என்றார் காட். நெருங்கிய சகாவான கிறிஸ் டேட்டே இதை ஏற்கவில்லை. எஸ்க்யூஎல் இன்றுவரை ஒரே வெற்றுக் குறியோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

1984-ல் ஐபிஎம்மிலிருந்து ஓய்வு பெற்றபின், 1990-ல் அவர் எழுதிய புத்தகத்தில் 12 விதிகள் 333 அம்சங்களாக வளர்ந்திருந்தன. அந்தப் பட்டியலைச் சந்தை பின்பற்றவில்லை. விதி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய பாடம் இது. பன்னிரண்டு இருந்தால் மனப்பாடம் ஆகும், விவாதம் நடக்கும். முந்நூறைத் தாண்டினால் அலமாரிக்குப் போகும்.

இன்றைய மென்பொருள்களில் அவர் குரல்

காட்டின் கேள்வி இன்னும் தீரவில்லை. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு பதில் வைத்திருக்கிறது.

மைஎஸ்க்யூஎல்: வெகுகாலம் தாராளமாக இருந்தது. கட்டத்தில் கொள்ளாத பெரிய எண்ணைக் கொடுத்தால், அதை வெட்டிச் சேமித்துவிட்டு ஒரு எச்சரிக்கை மட்டும் காட்டும். 2015-ல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான் கண்டிப்பு முறை இயல்புநிலை ஆனது. எந்த வரிசை என்ற நிபந்தனை எழுதாமல் மொத்த அட்டவணையையும் அழிக்கும் கட்டளையைத் தடுக்க அதில் ஒரு காவல் உண்டு. அதற்கு அவர்கள் வைத்த செல்லப் பெயரின் அர்த்தம், நான் ஒரு மக்கு என்பது! கிண்டல்தான். ஆனால், அனுபவசாலிகளும் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். அசதி எல்லோருக்கும் பொது.

எஸ்க்யூலைட்: நம் போன்களுக்குள் இருப்பது. ஒரு அட்டவணை இன்னொன்றைச் சரியாகச் சுட்டுகிறதா என்று சோதிக்கும் வசதி இதில் 2009-ல் வந்தது. ஆனால், பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பதற்காக அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. தெரிந்தவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

போஸ்ட்கிரஸ்: இந்த வழியில் தேடு என்று மென்பொருளுக்குக் குறிப்பு கொடுக்கும் வசதி ஆரக்கிளில் உண்டு. போஸ்ட்கிரஸின் மூல மென்பொருளில் கிடையாது. தனி இணைப்பாகத்தான் சேர்க்க முடியும். வேகம் பற்றிய சுதந்திரத்திலேயே இரண்டு பள்ளிகள் இருப்பதற்கு இது சாட்சி.

மாங்கோடிபி: கட்டுப்பாடுகள் வேகத்தைக் குறைக்கின்றன என்று சொல்லி வளர்ந்த புதிய தலைமுறையைச் சேர்ந்தது. அதுவே 2015-ல் தகவல் வடிவத்தைச் சோதிக்கும் வசதியையும், 2018-ல் பல ஆவணங்களைச் சேர்த்து ஒரே பரிவர்த்தனையாக மாற்றும் வசதியையும் கொண்டுவந்தது. சுதந்திரத்தில் தொடங்கியவர்கள் காவலைத் தேடி வந்தார்கள்.

எல்லா ஆபத்தையும் அட்டவணைக் கட்டுப்பாடு தடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தகவல் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்புகளும் சரியாக வேலை செய்யாததால் சுமார் ஆறு மணி நேரத் தகவல் போய்விட்டது. நிறுவனம் இதை மறைக்காமல் வெளிப்படையாக அறிவித்தது. அந்தப் பொறியாளர் கற்றுக்குட்டி இல்லை. உயர் அனுமதி அவர் கையில் இருந்ததால்தான் இழப்பு அவ்வளவு பெரிதானது.

வேலைக்கு உதவும் மூன்று கேள்விகள்

டேட்டாபேஸ் வடிவமைப்பவர்களும், எக்செல் கோப்பில் கணக்கு வைத்திருப்பவர்களும்கூட காட்டின் வாழ்க்கையிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.

1. இந்தக் காவல் எங்கே இருக்கிறது? செயலியின் முகப்பில் மட்டும் இருந்தால், வேறு வழியாக வருபவருக்கு அது இல்லை என்றே அர்த்தம்.

2. கேட்கப்படும் சுதந்திரம் வேகத்துக்கா, உண்மையைத் தொடுவதற்கா? முதலாவதைத் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டாவதற்கு நேர வரம்பு, பதிவு, இன்னொருவர் சம்மதம் மூன்றும் வேண்டும்.

3. தவறினால் நஷ்டம் யாருக்கு? விதியைத் தாண்டுபவருக்கே என்றால் அது அவர் விருப்பம். மற்றவர்களுக்கு என்றால், அவர் எவ்வளவு பெரிய நிபுணர் என்பது காரணமாகாது.

காட் 2003 ஏப்ரல் 18 அன்று ஃபுளோரிடாவில் தன் வீட்டில் இதயச் செயலிழப்பால் காலமானார். வயது 79. அடுத்த ஆண்டு, டேட்டாபேஸ் துறையில் புதுமை செய்பவர்களுக்கு ஏசிஎம்மின் துறைசார் குழு வழங்கும் விருதுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் கேட்டபடி 12 விதிகளையும் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றும் டேட்டாபேஸைத் தேடினால் இன்றும் கிடைப்பது கஷ்டம். ஆனால், புதிதாக எந்த டேட்டாபேஸ் சந்தைக்கு வந்தாலும், உள்ளே போகப் பின்கதவு இருக்கிறதா என்ற அவருடைய கேள்வியிலிருந்து தப்ப முடிவதில்லை.